வீட்டு விளையாட்டுகளுக்கு ஓர் ஏடு

பொருளைத் தேடுவது ஒரு திறமை. தேடியதைப் பேணுவது மற்றொரு திறமை. நெல்லுக்கும் நிலத்துக்கும் நகைக்கும் கணக்கு வைத்து வாழ்ந்தவர்கள் நாம். ஆயினும், இன்று பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் நம் பிள்ளைகளுக்காகத் தவறாமல் பணம் செலவிடும் ஒரு பொருளுக்குப் பெரும்பாலான வீடுகளில் கணக்கே இல்லை. அப்பொருள் வீடியோ விளையாட்டு.

விளையாட்டு நல்லதா தீயதா என்னும் பட்டிமன்றத்தை இக்கட்டுரை தொடங்கவில்லை. அது நம் வீடுகளில் நாள்தோறும் நடைபெற்று வருகின்றது. வாங்கிய விளையாட்டுகள் எங்கெங்கே உள்ளன, அவை எந்த உரிமையில் நம்மிடம் உள்ளன, அவற்றை ஓர் ஒழுங்கில் பதிந்து வைப்பது எவ்வாறு என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

ஒரு பெட்டியிலிருந்து பல கடைகளுக்கு

தொலைக்காட்சியுடன் இணைத்து வீட்டில் விளையாடும் முதற் கருவியாகிய மக்னவொக்ஸ் ஒடிசி 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 இல் ஃபமிகொம் என்ற கருவியையும், 1989 இல் கையடக்கமான கேம் போய் என்ற கருவியையும் வெளியிட்டது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 1994 இல் வந்தது. அக்காலத்தில் விளையாட்டு என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள். அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சில்லாகவோ, வட்டத் தட்டாகவோ இருந்தது. அலுமாரியைத் திறந்து எண்ணினால் கணக்கு முடிந்துவிடும்.

2003 செப்டெம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற சேவையைத் தொடங்கியது. நாளடைவில் அது பிற நிறுவனங்களின் விளையாட்டுகளையும் விற்கும் பெருங்கடையாக வளர்ந்தது. நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியனவும் தத்தமக்கென இணையக் கடைகளைத் திறந்தன. 2008 இல் போலந்து நாட்டிலிருந்து ஜி.ஓ.ஜி. கடை வந்தது. 2018 டிசெம்பரில் எபிக் கேம்ஸ் கடை வந்து, பல விளையாட்டுகளை இலவசமாகவே வழங்கி வாடிக்கையாளரைத் திரட்டியது. அலுமாரியில் இருந்தவை கண்ணுக்குத் தெரியாத பல அறைகளுக்குச் சென்றுவிட்டன. ஒவ்வோர் அறைக்கும் வேறு பெயர், வேறு கடவுச்சொல், வேறு பட்டியல்.

ஒவ்வொரு கடையும் தன்னிடம் வாங்கியதை மட்டுமே அறியும். எபிக் கடையில் இலவசமாகக் கிடைத்த விளையாட்டை ஸ்டீமில் மறுபடி விலைக்கு வாங்கும்போது, “இது உங்களிடம் ஏற்கனவே உள்ளது” என்று சொல்லுவார் இல்லை. 2011 இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்ட் விளையாட்டை நம் மாணவர்கள் அனைவரும் அறிவர். அதனை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வாங்கியவர், அதே கொள்வனவைக் கொண்டு பிளேஸ்டேஷனில் விளையாட முடியாது. அங்கே மீண்டும் பணம் செலுத்த வேண்டும். எக்ஸ்பாக்ஸுக்கும் விண்டோஸ் கணனிக்கும் ஒரே கொள்வனவு செல்லுபடியாகும் விளையாட்டுகளும் உள்ளன. எது எந்த வகையினது என்பதை எழுதி வைக்காமல் நினைவில் வைத்திருப்பது எளிதன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாமோ அளவாமலே போடுகின்றோம்.

அறுதியா, குத்தகையா?

காணிகளைப் பற்றி நம் ஊரில் பேசும்போது பெரியவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, “அந்தக் காணி அறுதியோ, குத்தகையோ?” என்பதாகும். விலை கொடுத்து உறுதி முடித்து, முழு உரிமையும் கைமாறுவது அறுதி. ஒரு காலத்துக்குப் பயிரிட்டுப் பயன்கொள்ளும் உரிமை குத்தகை. மாணவர்கள் இவ்விரு சொற்களையும் அறிந்துகொள்வது நன்று. ஏனெனில், விளையாட்டுகளும் இவ்வாறே வேறுபடுகின்றன.

தட்டிலோ சில்லிலோ முழுமையாக அடங்கிய விளையாட்டு, அறுதிக்கு அண்மையானது. அதனை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், விற்கலாம், தம்பிக்கு விட்டுச் செல்லலாம். ஜி.ஓ.ஜி. கடையில் வாங்குவன சட்டப்படி உரிமமே எனினும், நிறுவும் கோப்பை இறக்கி நம் சேமிப்பகத்தில் வைத்துக்கொள்ள முடியும். அதனையும் அறுதிக்கு அடுத்தபடியாகக் கொள்ளலாம்.

இணையக் கடைகளில் “வாங்கு” என்ற பொத்தானை அழுத்திப் பெறும் பெரும்பாலானவை, முடிவுத் திகதி எழுதப்படாத குத்தகையே. அங்கு நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அவ்வுரிமம் ஒரு கணக்குடன் பிணைக்கப்பட்டது. ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு விற்கவோ கைமாற்றவோ அதன் உடன்படிக்கை இடமளிப்பதில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய பொருள்களை விற்போர் தாம் விற்பது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் “வாங்கு” என்ற சொல்லைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. ஒரு சொல்லுக்காகச் சட்டமியற்ற வேண்டி வந்ததிலிருந்தே, எத்தனை பேர் அச்சொல்லை நம்பியிருந்தனர் என்பது புலனாகும்.

மூன்றாவது வகை, மாதச் சந்தா. 2017 இல் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் இவ்வகையினது. இது வாடகை வீடு போன்றது; சந்தா நின்றால் கதவு மூடப்படும். நான்காவது, இரவல். 2024 இல் ஸ்டீம் அறிமுகப்படுத்திய குடும்பப் பகிர்வு முறையில், ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை தம் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். எனினும் அண்ணனின் கணக்கிலுள்ளது அண்ணனுடையதே.

தட்டையும் சில்லையும் கண்ட மாத்திரத்தில் அறுதி என்று முடிவு செய்தலும் ஆகாது. 2025 இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்குரிய சில விளையாட்டுச் சில்லுகளில் திறவுகோல் மட்டுமே உண்டு. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். உறையின் மேல் இது அச்சிடப்பட்டிருக்கும். வாசித்த பின்னரே வாங்குக.

கடை மூடும் நாள்

கூகிள் நிறுவனம் 2019 இல் தொடங்கிய ஸ்டேடியா சேவை 2023 ஜனவரி 18 இல் மூடப்பட்டது. விளையாட்டுகளுக்குச் செலுத்திய பணத்தை அந்நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. நின்டெண்டோவின் 3டி.எஸ்., வீ யூ ஆகிய கருவிகளுக்கான இணையக் கடைகளில் 2023 மார்ச் 27 உடன் விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான கடை 2024 ஜூலை 29 இல் விற்பனையை நிறுத்தியது. முன்னர் வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள இவ்விரு நிறுவனங்களும் இடமளித்தன. ஆனால், முன்னர் எவற்றை வாங்கினோம், எந்தக் கணக்கில் வாங்கினோம் என்பதை அறிந்தவர்க்கே அச்சலுகை பயன்பட்டது.

யூபிசொஃப்ட் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட த க்ரூ என்ற மகிழுந்து ஓட்ட விளையாட்டின் கதை வேறு. அது எப்பொழுதும் நிறுவனத்தின் சேவையகத்துடன் இணைந்தே இயங்கியது. 2024 மார்ச் 31 இல் சேவையகம் நிறுத்தப்பட்டதும், தட்டு வாங்கியவருக்கும் விளையாட்டு இல்லாது போயிற்று. இதன் பின்னரே, விற்ற விளையாட்டுகளை இயங்கும் நிலையில் விட்டுச் செல்லுமாறு கோரும் மக்கள் இயக்கம் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி முறையில் 2025 ஜூலையில் நிறைவெய்திய அக்கோரிக்கையிற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

பதிவேட்டின் பயன்

நான் ஊரில் ஆசிரியராக இருந்த பாடசாலையில் நூலகப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. நூல் ஒன்று வந்தால் முதலில் அது பதிவேட்டில் ஏறும். தொடர் இலக்கம், வந்த திகதி, தந்தவர், விலை, நிலை என்பன எழுதப்பட்ட பின்னரே அது தட்டுக்குப் போகும். இடப்பெயர்வின்போது நூல்களை எடுத்துச் செல்ல வழியிருக்கவில்லை. அதிபர் அந்தப் பதிவேட்டை மட்டும் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பின்னர் மரநிழலிலே வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது, எவை வேண்டும் என்று உதவ வந்தோர் வினவினர். அந்த ஏட்டைத் திறந்தே விடை எழுதினோம். பொருள் போன பின்னும் என்ன இருந்தது என்பதைப் பதிவேடு சொல்லும். பதிவேடு இல்லாதவர்க்கு, இழந்தது இன்னதென்றும் தெரியாது.

நூல்களையும் விளையாட்டுகளையும் நான் ஒப்பிடவில்லை. பதிவு செய்யும் முறை இரண்டிற்கும் ஒன்றே என்கின்றேன்.

ஏட்டை அமைக்கும் முறை

ஒரு கொப்பியின் இரு பக்கங்களில் கோடு கீறிப் பின்வரும் நிரல்களை அமைக்கலாம்.

1. தொடர் இலக்கம்.
2. விளையாட்டின் பெயர். பதிப்பு வேறுபட்டால் அதனையும் எழுதுக.
3. கருவி: ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணனி, கைத்தொலைபேசி.
4. கடையும் கணக்கும்: எந்தக் கடை, யாருடைய கணக்கு, எந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது.
5. உரிமை: அறுதி, குத்தகை, வாடகை, இரவல்.
6. வாங்கிய திகதியும் விலையும். இலவசமாயின் 0 என எழுதுக.
7. இருப்பிடம்: தட்டாயின் எந்த அலுமாரி, கோப்பாயின் எந்தச் சேமிப்பகம், இரவல் போயிருப்பின் யாரிடம்.
8. நிலை: தொடங்கவில்லை, நடைபெறுகின்றது, முடிந்தது, கைவிடப்பட்டது.

நான்காம் நிரல் மிக இன்றியமையாதது. பாடசாலை வழங்கிய மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கும் மாணவர், பாடசாலையை விட்டு விலகியதும் அம்மின்னஞ்சலை இழக்க நேரிடும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்கும் கடிதம் அங்கேதான் போகும். ஆதலால், நிலையான குடும்ப மின்னஞ்சலுக்குக் கணக்கை மாற்றிக்கொள்க. கடவுச்சொற்களை மட்டும் இந்த ஏட்டில் எழுதற்க.

எட்டாம் நிரலும் சிறிதன்று. பழைய கேம் போய் சில்லுகள் பலவற்றில், விளையாடியவரின் முன்னேற்றத்தைச் சிறு நாணய மின்கலம் ஒன்றே காத்து நின்றது. மின்கலம் ஓய்ந்தால் விளையாட்டு எஞ்சும், முன்னேற்றம் அழியும். எதுவரை வந்தோம் என்ற குறிப்பு ஏட்டில் இருந்தால் அதுவாவது மிஞ்சும்.

கணனியின் உதவி

பட்டியல் நீண்டுவிட்டால் கணனியின் அட்டவணைச் செயலியில் இதே நிரல்களை அமைக்கலாம், தமிழிலேயே தட்டெழுதலாம். விண்டோஸ் கணனியில் இயங்கும் பிளேநைட் என்ற இலவசச் செயலி, பல கடைகளின் பட்டியல்களை ஒரே திரையில் திரட்டித் தரும். ஜி.ஓ.ஜி. கேலக்ஸி 2.0 என்ற செயலியும் அவ்வாறே செய்யும். எனினும், அத்தகைய இணைப்புகளிற் சில தன்னார்வலர்களால் ஆக்கப்பட்டவை. கடை தன் முறையை மாற்றினால் அவை அறுந்துபோவதுண்டு. அலுமாரியிலுள்ள தட்டுகளை அவை தாமாக அறியா. நாமே சேர்க்க வேண்டும். ஆகவே செயலி திரட்டியதை ஆண்டுக்கொரு முறையேனும் படியெடுத்து வேறோர் இடத்திலும் வைத்திருத்தல் வேண்டும்.

பழையவற்றை எப்படி நினைவுகூர்வது என்று மலைக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் பற்றுச்சீட்டுகளைத் தேடுக. கடைகளின் கணக்குப் பக்கத்தில் கொள்வனவு வரலாறு உண்டு. தட்டுகளை அலுமாரியிலிருந்து இறக்கி எண்ணுக.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோர்களே, இந்த வேலையை நீங்கள் தனியே செய்ய வேண்டாம். பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடவும் வேண்டாம். கடைகளின் வழி பிள்ளைகளுக்குத் தெரியும். விலையின் அருமை உங்களுக்குத் தெரியும். விடுமுறைநாள் ஒன்றில் மேசையைச் சுற்றி அமர்ந்து, அவர்கள் பெயரைச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அல்லது நீங்கள் வினவ அவர்கள் தமிழில் எழுதட்டும். பிள்ளை எதனை விரும்புகின்றது, எதனை ஒரு நாள் விளையாடிவிட்டு மறந்தது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் அறிந்துகொள்வீர்கள்.

மாணவர்களே, ஐந்தாம் நிரலை நிரப்பும்போது சற்று நின்று சிந்தியுங்கள். “என்னுடையது” என்று நீங்கள் சொல்லும் விளையாட்டுகளில் எத்தனை உண்மையில் உங்களுடையவை? இக்கேள்வியை இன்று விளையாட்டுக்குக் கேட்கப் பழகியவர், நாளை வீட்டுக்கும் வேலை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கடனுக்கும் கேட்பார். இனிப் புதிய விளையாட்டொன்று வேண்டுமென்று கேட்க வரும்போது ஏட்டையும் கையில் எடுத்து வாருங்கள். எட்டாம் நிரலில் “தொடங்கவில்லை” என்று எத்தனை உள்ளன என்பதை அப்பா கேட்கும் முன்னர் நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.