மனமாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடுமா?

"பிறந்த சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். புதுநன்மை வாங்கினேன். உறுதிபூசுதலும் ஆகிவிட்டது. இனி நான் எதற்காக மனந்திரும்ப வேண்டும்? அது புதிதாக வேதத்தில் சேருகிறவர்களுக்கு அல்லவா?"

கத்தோலிக்க வாசகர்களே, இப்படி நீங்கள் எண்ணியதுண்டா?

பால்மரம் சீவிய குடும்பத்தில் வந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முந்திய நாள் போட்ட வெட்டில் மறுமுறை பால் வடியாது. வெட்டின்மேல் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துவிட்டு, மெல்லியதாகப் புதுச் சீவல் எடுத்தால்தான் பால் வரும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். வெட்டாமல் விட்டால் மங்கு காலியாகவே இருக்கும். மனமாற்றமும் அப்படித்தான். ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டு அழுவதோடு அது முடிவதில்லை. தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டிய வேலை அது.

இராயப்பரும் மாற வேண்டியிருந்தது

இயேசுவின் தலைமைச் சீடர் புனித இராயப்பர். மூன்று ஆண்டுகள் ஆண்டவரோடு நடந்தவர். மறுதலித்து, அழுது, மன்னிப்புப் பெற்றவர். தூய ஆவியின் வரத்தையும் அடைந்தவர். அவருடைய மனமாற்றம் அத்தோடு முடிந்ததா? இல்லை. வேற்று இனத்தார் வீட்டுக்குள் போகக்கூடாது என்ற பழைய வழக்கம் அவர் உள்ளத்தில் ஊறிக் கிடந்தது. உரோமைப் படைத்தலைவர் கொர்னேலியு வீட்டு வாசற்படியை மிதித்தபோதுதான், கடவுள் ஆள் பார்த்து நடப்பவரல்லர் என்பதை அவர் உணர்ந்தார். அதற்குப் பின்னும் அந்தியோக்கியாவில், மற்றவர்களுக்குப் பயந்து வேற்று இனத்தாரோடு உண்பதை நிறுத்திக்கொண்டார். புனித சின்னப்பர் அதை முகத்துக்கு நேராகக் கண்டித்தார் என்று வேதாகமமே கூறுகிறது.

திருச்சபையின் தலைவருக்கே இந்த நிலை என்றால், நாம் எம்மாத்திரம்?

குருக்களே மாணவர்களான மாதம்

1959 ஜனவரி 25, புனித சின்னப்பர் மனந்திரும்பிய திருநாள். அன்றுதான் பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர், திருச்சபையைப் புதுப்பிக்கப் பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. திருச்சபைக்கும் இடைவிடாத தூய்மையும் புதுப்பித்தலும் தேவை என்று அது ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் அதன் எதிரொலி 1976 ஆகஸ்டில் கேட்டது. கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா-ஜொகூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் ஆயர்களும் குருக்களும் தங்கள் பங்குகளைப் பொதுநிலையினர் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு மாத காலம் ஒன்றுகூடிச் சிந்தித்தார்கள். அப்போது கோலாலம்பூர்ப் பேராயராக இருந்தவர் டோமினிக் வெண்டர்கோன். போதிக்கிறவர்களே உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பங்கை நடத்தினார்கள். தோட்டங்களில் எப்போதாவது ஒருமுறை சாமியார் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார் செபம் சொல்லி வைப்பார். அதைக் கண்டு பழகிய நம் மக்களுக்கு இந்தப் பொறுப்பு முற்றிலும் புதிதல்ல.

அன்று எழுந்த முக்கிய முடிவுகளில் ஒன்று, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு கிறிஸ்தவ சமூகங்களை வளர்ப்பது. இதையே அன்பியம் என்கிறோம். 1986-இலும், அதன்பின் 1996, 2006, 2016 ஆகிய ஆண்டுகளிலும் கூடிய மேய்ப்புப்பணி மாநாடுகள் இந்த வழியைத் தொடர்ந்தன.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

ஸ்ரீ கெம்பாங்கானைப் பாருங்கள். அவசரகாலத்தின்போது, 1950-களின் தொடக்கத்தில், செர்டாங் புதுக்கிராமமாக உருவான இடம். இன்று சுற்றிலும் தாமான்களும் அடுக்குமாடிகளும் நிறைந்திருக்கின்றன. சற்றுத் தெற்கே இருந்த பெராங் பெசார் தோட்டம் 1990-களில் புத்ராஜெயாவாக மாறியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனையோ தோட்டங்கள் மறைந்துவிட்டன.

தோட்டம் போனபோது வேலையும் வீடும் மட்டுமா போயின? லயத்துத் திண்ணையும் போயிற்று. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து வீட்டுக்குத் தெரியும். செபமாலை சொன்னால் பக்கத்து வீட்டிலும் கேட்கும். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிறோம். பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். விசுவாசம் வாரத்தில் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

தனியாக இருப்பவனுக்குத் தன் குறை தெரியாது. பொறுமை இருக்கிறதா என்பது பிறரோடு பழகும்போதுதான் தெரியும். அன்பியம் தேவைப்படுவது அதற்காகத்தான். அங்கே தமிழர், சீனர், சபா சரவாக்கிலிருந்து வந்தவர் என்று பலர் இருப்பார்கள். "அவர்கள் மொழி வேறு" என்றும், வெளியே சொல்லாவிட்டாலும் "அவர்கள் சாதி வேறு" என்றும் ஒதுங்குகிறோமே, அந்த இடத்தில்தான் கொர்னேலியுவின் வாசற்படி நமக்காகக் காத்திருக்கிறது.

இன்றே என்ன செய்யலாம்?

உங்கள் வட்டாரத்து அன்பியம் எங்கே கூடுகிறது என்று பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். ஒருமுறையாவது உங்கள் வீட்டில் கூடச் சொல்லுங்கள். பலகாரம் வேண்டியதில்லை, பாய் விரித்தால் போதும். படுக்கப்போகும் முன், இன்று யார் மனம் நோகப் பேசினோம் என்று குடும்பமாகச் சிந்தியுங்கள். பிள்ளைகள் முன்னால் தகப்பன் தாயிடம் மன்னிப்புக் கேட்டால், அது நூறு ஞானோபதேச வகுப்புக்குச் சமம். தள்ளிப்போட்ட பாவசங்கீர்த்தனத்தை இந்த மாதமே செய்யுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் இருந்தால், நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள்.

உயிர்ப்புத் திருவிழிப்பில் புதிதாகத் திருமுழுக்குப் பெறுகிறவர்களோடு சேர்ந்து, எண்பது வயதுப் பாட்டியும் மெழுகுதிரி ஏந்தித் தன் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார். முடிந்துபோன காரியத்தை யாராவது ஆண்டுதோறும் புதுப்பிப்பார்களா?