துக்கத்தைச் சொல்லத் தெரிந்த தம்பி



'மேடைப் பேச்சுக்கு வலிமை தருவது சொல்லழகா, உள்ளத்து உண்மையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், ஜான் கென்னடி 1961 ஜனவரி 20ல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது பேசிய பேச்சை எடுத்துக் காட்டினாங்க. நல்ல பேச்சுதான், நான் மறுக்கல. சோரன்சன் என்கிற உதவியாளர் கூட இருந்து இழைச்சு இழைச்சு உருவாக்கின பேச்சு. ஆனா அம்மா, அண்ணனைப் பாத்தீங்க, தம்பியை விட்டுட்டீங்களே! (சிரிப்பு)

தம்பி ராபர்ட் கென்னடி. 1968ல், அதிபர் தேர்தலுக்குத் தன்னைக் கட்சி நிறுத்தணும்னு ஊர் ஊரா ஆதரவு திரட்டுறார். ஏப்ரல் 4ஆம் தேதி ராத்திரி, இண்டியானாபொலிஸ் நகரத்துல, கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் கூட்டம். வர்ற வழியில் சேதி வருது: மெம்ஃபிஸ் நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். விமானம் இறங்கினதும் அடுத்த சேதி: இறந்துட்டார். வயசு 39தான்.

'போகாதீங்க, ஆபத்து'ன்னு எச்சரிக்கிறாங்க. அவர் போறார். கூட்டத்தில் பலருக்கு விஷயமே தெரியாது. கொடி, அட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு உற்சாகமா நிக்கிறாங்க.

யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டில் ஒரு சாவுச் சேதி வந்தா, 'நீ சொல்லு, நீ சொல்லு'ன்னு ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டுவோம். இங்கே ஒரு வெள்ளைக்காரர், கறுப்பின மக்கள் முன்னால நின்னு, 'உங்க தலைவரைக் கொன்னுட்டாங்க, கொன்னது வெள்ளையர்னுதான் தெரியுது'ன்னு சொல்லணும்!

லாரி மேல ஏறி நின்னார். முதல்ல, அந்த அட்டைகளைக் கீழே இறக்கச் சொன்னார். சுத்தி வளைக்காம சேதியைச் சொன்னார். கூட்டம் அலறுது. அப்புறம் ஒண்ணு சொன்னார் பாருங்க. உங்களுக்கு வர்ற கோபம் எனக்குப் புரியுது. என் குடும்பத்திலும் ஒருத்தரைக் கொன்னாங்க, கொன்னவர் வெள்ளையர்தான் என்றார். 1963 நவம்பர் 22ல் டல்லஸ் நகரத்தில் சுடப்பட்ட அண்ணனைப் பற்றி, பொதுமேடையில் பேசத் தயங்கியே வந்தவர் அவர். அன்னைக்குத் தன் புண்ணைத் திறந்து காட்டினார். (கைதட்டல்)

'கிரேக்கக் கவிஞர் ஈஸ்கிலஸ் பாட்டையும் சொன்னாரே, அது சொல்லழகு இல்லையா?'ன்னு எதிரணி கேக்கலாம். ஐயா, அண்ணன் போன துக்கத்துல படிச்சுப் படிச்சு ஆறுதல் தேடின வரிகள் அவை. மேடைக்காக மனப்பாடம் பண்ணினது இல்லை!

மொத்தம் சுமார் 5 நிமிஷப் பேச்சு. அந்த நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நகரங்களில் கலவரம் வெடிச்சது. இண்டியானாபொலிஸில் கூட்டம் அமைதியா வீட்டுக்குப் போனது. பேச்சு ஒன்றே காரணம்னு நான் சொல்லல. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்குண்டு. ஆனா அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டே மாதம். ஜூன் 5ல் லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட்டும் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். அவர் பேசின இடம் இன்னைக்குக் கிங் பெயரில் பூங்கா. அங்கே ரெண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டுற மாதிரி நினைவுச் சின்னம் இருக்கு.

நடுவர் அவர்களே! சொல்லழகு கைதட்டல் வாங்கித் தரும். கோபத்தில் கல்லெடுக்கப் போன கையை நிறுத்துறது உள்ளத்து உண்மைதான் என்று கூறி அமர்கிறேன்.