ரவுட்டரைப் பற்றி முதலாளியும் அறிந்திருக்க வேண்டும்

தராசையும் கொப்பியையும் மட்டும் வைத்து வியாபாரம் செய்த காலம் போய்விட்டது. இன்று ஒரு சிறிய ஹார்ட்வெயார் கடையில்கூட பில் போடும் கணினி, பில் பிரிண்டர், கார்ட் மெஷின், சிசிடிவி கமரா, ஊழியர்களின் கைத்தொலைபேசிகள் என்று எல்லாமே ஒரே ரவுட்டரை நம்பி இருக்கின்றன. அது படுத்தால் கல்லாவும் படுத்துவிடும். ஆனால் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் நம் வியாபாரிகள் பலர், இந்தப் பெட்டியை மட்டும் ‘அது டெக்னீஷியனின் வேலை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் ஒரு ஹார்ட்வெயார் வியாபாரிதான். அடிப்படைகளை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாலை நேரங்களே தேவைப்பட்டன. அவற்றை எமது வியாபார மொழியிலேயே தருகிறேன்.

பொதியும் முகவரியும்

புறக்கோட்டையிலிருந்து கல்முனைக்குச் சரக்கு அனுப்புகிறோம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை எழுதுகிறோம். இணையமும் அப்படித்தான். நாம் அனுப்பும் மின்னஞ்சலோ படமோ சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் இரு முகவரிகளும் இடப்படுகின்றன. அந்த முகவரிதான் ஐபி முகவரி. வழியில் உள்ள ரவுட்டர்கள் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன.

ஒரு பொதி வழியில் தொலைந்தால் ஐபி பொறுப்பேற்காது. அதற்குத்தான் டிசிபி என்ற இன்னொரு விதிமுறை இருக்கிறது. வந்த பொதிகளை இலக்கப்படி சரிபார்ப்பதும், குறைந்ததை மீண்டும் அனுப்பச் செய்வதும் அதன் வேலை. வின்ட் சேர்ஃப், பொப் கான் ஆகிய இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையே இவற்றின் அடிப்படை. 1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெட் வலையமைப்பு இந்த முறைக்கு மாறியது.

உள் இலக்கமும் வெளி இலக்கமும்

பழைய வகை ஐபி முகவரி 192.168.1.50 என்பதுபோல நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இப்படி உண்டாக்கக்கூடிய முகவரிகள் ஏறக்குறைய 430 கோடி. உலகுக்கு அது போதவில்லை. உலக மட்டத்தில் பகிர்ந்தளிக்க இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் தீர்ந்துவிட்டன. மிகப் பெரிய எண்ணிக்கையைக் கொண்ட ஆறாம் பதிப்பு இப்போது அதனுடன் சேர்ந்தே பாவனையில் உள்ளது.

192.168 என்று தொடங்குபவை கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள் இலக்கங்கள். கந்தோர்த் தொலைபேசியின் எக்ஸ்டென்ஷன் போன்றவை. உங்கள் கடையிலும் 192.168.1.50 இருக்கலாம், என் கடையிலும் இருக்கலாம். வெளியே போகும்போது ரவுட்டர் தன் வெளி முகவரியை இட்டு அனுப்பி, பதில் வந்ததும் உரிய கருவியிடம் சேர்க்கிறது.

ஆனால் ஒரே கடைக்குள் இரண்டு கருவிகளுக்கு ஒரே இலக்கம் இருக்கக்கூடாது. என் கடையில் பல வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் பில் பிரிண்டர் வேலை செய்யாது. பார்க்க வந்த டெக்னீஷியன், ரவுட்டர் பழுது, புதிது வாங்க வேண்டும் என்றார். பணம் கொடுக்குமுன் நான் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பிரிண்டருக்கு நிரந்தரமாகக் கொடுத்திருந்த 50ஆம் இலக்கத்தை ஓர் ஊழியரின் தொலைபேசியும் வைத்திருந்தது.

காரணம் எளிது. வரும் கருவிகளுக்கு ரவுட்டர் தானாகவே இலக்கம் வழங்குகிறது. இதற்கு டிஎச்சிபி என்று பெயர். அது வழங்கும் வரிசைக்குள் பிரிண்டரின் இலக்கமும் இருந்தது. மற்ற நாட்களில் முதலில் இயங்குவது பிரிண்டர். வெள்ளிக்கிழமை பகல் அதை நிறுத்திவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது தொலைபேசிகள் முந்திக்கொள்ளும். வரிசையை 100 முதல் 200 வரை என்று மாற்றினேன். பிரச்சினை தீர்ந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

கதவைத் திறந்து வைக்காதீர்கள்

கடைக் கமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்கிறோம். சில டெக்னீஷியன்கள் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போர்ட் என்பது கட்டடத்தின் ஒரு கதவு போன்றது. நாம் நுழையும் கதவால் மற்றவரும் நுழைய முயலலாம். கமராவின் கடவுச்சொல்லும் கம்பனி இட்டதாகவே இருந்தால் பூட்டே இல்லை என்றுதான் அர்த்தம்.

2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் இப்படிப்பட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அதன் ஆயுதம், கம்பனிகள் இடும் கடவுச்சொற்களின் ஒரு சிறு பட்டியல்தான். அக்டோபர் 21ஆம் திகதி அவற்றைக் கொண்டு டைன் என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. இணையத்தளப் பெயர்களுக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையை வழங்கிய நிறுவனம் அது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் சில மணி நேரம் எட்டாமற் போயின. தம் கமராவும் அதில் பங்கெடுத்தது என்பதை அதன் உரிமையாளர்கள் பலர் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை

1. ரவுட்டர், கமரா, கமராப் பதிவுப் பெட்டி மூன்றினதும் கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள். அவை முதலாளியிடமும் இருக்கட்டும்.

2. பில் பிரிண்டர், கமரா போன்றவற்றுக்கு நிரந்தர இலக்கம் கொடுத்து, எந்தக் கருவிக்கு எந்த இலக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வையுங்கள்.

3. வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் வைஃபை கொடுப்பதாயின் விருந்தினர் இணைப்பைத் தனியாகக் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்த வசதி உண்டு.

4. எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, ஏன் என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். தேவையில்லாததை மூடச் சொல்லுங்கள்.

இவை தெரிந்தால் டெக்னீஷியன் வேண்டாம் என்பதல்ல. கணக்காளர் இருந்தாலும் கணக்கை நாமும் பார்க்கிறோம் அல்லவா? ரவுட்டரையும் அப்படியே பாருங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த முதலாளியிடம் தேவையில்லாத பொருளை விற்பது கடினம்.