மாத்திரை இல்லை, ஊசி இல்லை, பேச்சுதான்! மனோதத்துவ நிபுணரிடம் முதல் நாள் என்ன நடக்கும்?

பெங்களூர்:-

சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம்" என்ற ஒரு சொல் போதும். பெங்களூரில் அந்த வேலையைச் செய்வது "நிம்ஹான்ஸ்". ஓசூர் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரி, 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையத்தில் இருந்து 1974-ல் உருவானது. நாட்டின் பல மூலைகளில் இருந்தும் ரெயில் ஏறி அங்கே வருகிறார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழர்கள் பலருக்கோ அது பஸ்சில் கடந்து போகும் இடம், அவ்வளவுதான்.

ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். இரவு 2 மணிக்கு விழிப்பு தட்டுகிறது. மார்பு படபடக்கிறது. இருதயக் கோளாறு என்று பயந்து இ.சி.ஜி. எடுக்கிறார். ஒன்றும் இல்லை. "மனோதத்துவ நிபுணரைப் பாருங்கள்" என்று டாக்டர் சீட்டு எழுதித் தருகிறார். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே நைந்துபோகிறது. நான் என்ன பைத்தியமா என்ற ஒரே கேள்விதான் காரணம்.

யார் இவர்?

மனநல டாக்டர் வேறு, மனோதத்துவ நிபுணர் வேறு. முன்னவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். பின்னவர் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர். சிலருக்கு இருவருமே தேவைப்படும். சிகிச்சை தரும் மனோதத்துவ நிபுணர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பலகை மாட்டியவர் எல்லாம் நிபுணர் அல்ல. பதிவு எண்ணையும் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்பதில் தவறு இல்லை.

முதல் நாள்

சினிமாவில் வருவது போல சோபாவில் படுக்க வைத்து கடிகாரத்தை ஆட்டமாட்டார். எதிரெதிரே இரண்டு நாற்காலி, முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம் வரை பேச்சு. தொல்லை எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலை, கடன், குடி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்பார். "செத்துப்போகலாம் என்று தோன்றியது உண்டா?" என்றும் கேட்கக்கூடும். அதற்காகக் கோபப்பட வேண்டாம். வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் அது. தினமும் ஒரு குவார்ட்டர் அடிப்பவர் "விசேஷத்துக்கு மட்டும்" என்று சொன்னால் இருவருக்கும் நேரம்தான் வீண்.

வெளியே வரும்போது பலருக்கு ஏமாற்றம். "இதைக் கேட்கவா காசு வாங்கினார்?" என்பார்கள். அத்தோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. முதல் நாள் அவர் நம்மைத் தெரிந்துகொள்ளும் நாள். சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

மொழி முக்கியம்

ஆபீசில் கன்னடம் பேசலாம், இங்கிலீஷில் மனு எழுதலாம். "நெஞ்சை அடைக்குது" என்பதை வேறு பாஷையில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். நேரம் கேட்டு போன் செய்யும்போதே "தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று சொல்லிவிடலாம். மொழிபெயர்க்க மகனை அழைத்துப் போகாதீர்கள். மகன் எதிரே எந்தத் தகப்பன் மனதைத் திறப்பான்?

அடுத்தடுத்து பெரும்பாலும் வாரம் ஒரு முறை வரச் சொல்வார். ஒரு நோட்டு போடச் சொல்லலாம். அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறை இது. மேலதிகாரி கூப்பிடுகிறார். "வேலை போச்சு" என்று மனம் சொல்கிறது. உடனே படபடப்பு. போய்ப் பார்த்தால் அவர் கேட்டது ஒரு பழைய பைல்! என்ன நடந்தது, என்ன நினைத்தோம், உடம்பு என்ன செய்தது என்று மூன்றையும் எழுதி, அந்த நினைப்பு சரிதானா என்று நிபுணருடன் சேர்ந்து சோதிக்க வேண்டும். இந்த முறையில் பொதுவாக 6 முதல் 20 தடவை வரை ஆகும். சில வாரம் பாரம் கூடியது போலவும் இருக்கும். அதை அவரிடமே சொல்லலாம். சில தடவை போயும் ஒத்துவரவில்லை என்றால் வேறு நிபுணரிடம் மாறலாம்.

ஆபீசுக்குத் தெரியுமா?

தெரியாது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு போன்ற சில சந்தர்ப்பங்களே விதிவிலக்கு.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதானால் அரை நாள் லீவு போதாது. முழு நாள் போட்டுவிடுவது நல்லது. லீவே கிடைக்காதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" இது. இரவும் பகலும் உண்டு, கட்டணம் கிடையாது. மொழியைக் கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.