குந்தாரப்பள்ளி மணலும் தேவனாம்பட்டினத்துக் கடலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளியில் ஐப்பசியில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகிறது? மார்க்கண்டேய நதியில் இறங்கி, கிருஷ்ணகிரி அணையில் தென்பெண்ணையோடு கலக்கிறது. பிறகு காவேரிப்பட்டணம், சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கிழக்கே ஓடி, கடலூருக்குச் சற்று வடக்கே தாழங்குடாவில் வங்கக் கடலில் விழுகிறது. தண்ணீர் வெறுங்கையோடு போவதில்லை; மணலையும் சேர்த்தே கொண்டுபோகிறது. கடலையே பார்க்காத இந்த எல்லைப்புறத்து ஊருக்கும், கப்பல்களையும் கோட்டையையும் கண்ட, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் என்ற மீனவக் கிராமத்துக்கும் உள்ள உறவு அந்த மணலில்தான் தொடங்குகிறது.

கிருஷ்ணகிரியைச் சுற்றி நிற்கும் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். புவியியலாளர்கள் தேடி வந்து ஆராய்ந்த இடம் இது. வெயிலும் மழையும் இந்தப் பாறைகளை மெல்ல மெல்ல உதிர்க்கின்றன. அவற்றில் உள்ள ஃபெல்ஸ்பார் காலப்போக்கில் களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் எளிதில் மாறாது. அதுதான் மணலாக மிஞ்சி, வெள்ளம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்கிறது. சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்க அந்த மணலுக்கு எத்தனை தலைமுறைகள் ஆகும் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

கடலுக்கு வந்த பிறகும் அது ஓரிடத்தில் இருப்பதில்லை. அலை கரையைச் சாய்வாகத் தாக்கும். மணலைச் சாய்வாக மேலே ஏற்றும். திரும்பும் நீரோ நேராகக் கீழே இழுக்கும். இப்படி ஏறி இறங்கியே மணல் கரையோரமாக நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தென்திசையிலிருந்து வரும் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திசை மாறித் தெற்கே போகிறது. தென்பெண்ணையில் வெள்ளம் வருவதும் அதே மாதங்களில்தான். அதனால் ஆறு புதிதாகக் கொண்டுவந்த மணலில் ஒரு பங்கு முதலில் தெற்கே, தேவனாம்பட்டினம் பக்கம் போய், பிறகு வடக்கே திரும்புகிறது.

சோழமண்டலக் கரை ஏன் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கரையில் எங்காவது ஒரு குழிவு இருந்தால் ஓடும் மணல் அதை நிரப்பிவிடும். திருகோணமலையில் இருப்பதுபோல் மலைகள் காவல் நிற்கும் ஆழமான குடா இங்கே கிடையாது. பூம்புகார், அரிக்கமேடு, மரக்காணம் என்று நம் பழைய துறைகள் ஆற்றுவாயையோ உப்பங்கழியையோ ஒட்டி அமைந்தது இதனால்தான். தேவனாம்பட்டினத்துக்குக் கெடிலம் ஆறு அந்த வாயைக் கொடுத்தது. ஆனால் கோடையில் ஆற்றில் நீர் வற்றியதும் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பொங்கி உடையும் அலைகளைக் கடந்தது நம் கரையின் தொழில்நுட்பம். ஒன்று கட்டுமரம். மற்றொன்று பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகு. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு தரையில் மோதினால் பலகை பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். தரை தட்டினாலும் தப்பிக்கும். அலை உடையும் நொடியைக் கண்ணால் கணித்துப் படகைச் செலுத்திய அந்தக் கடலோடிகள் இல்லையென்றால் ஒரு மூட்டைத் துணிகூடக் கப்பல் ஏறியிருக்காது. வரலாற்றுப் புத்தகங்கள் ஆளுநர்களின் பெயர்களை எழுதிவைத்தன. இவர்களுடைய பெயர்களை எழுதாமல் விட்டது பெருங்குறை.

அந்தத் துணிக்காகத்தான் டச்சுக்காரர்கள் 1608இல் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு இங்கே வந்தார்கள். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. எல்லையை அளந்த விதம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடுவது, குண்டு போய் விழும் தூரம்வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. அங்கே உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாறிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை, 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு, 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. சென்னையிலிருந்து தப்பிய இளைஞன் ராபர்ட் கிளைவ் வந்து சேர்ந்ததும் இங்கேதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

குடா இல்லாத கரையின் விலை என்ன என்பதை 1749 ஏப்ரல் காட்டியது. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் கரையில் இருந்தார். அவருடைய கொடிக்கப்பல் நாமூர் கடலில் நங்கூரம் போட்டிருந்தது. புயல் அடித்தது. ஒதுங்க இடமில்லை. நாமூரில் இருந்த 500க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். பெம்புரோக் என்ற இன்னொரு போர்க்கப்பலும் அதே புயலில் போனது. புயல் மிகும் ஐப்பசி பிறந்தால் போர்க்கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ விலகிப் போனதன் காரணம் இந்த அச்சம்தான். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் 1782இல் திருகோணமலையைப் பிடித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்த ஆண்டு, 1783 ஜூன் 20 அன்று, சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் கடலூருக்கு எதிரே மோதின. கரையில் கடலூரைக் காத்தது பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை உள்ளிட்ட பாராமகால் பகுதியும் அப்போது மைசூரின் கையில்தான் இருந்தது. ஆக, மலையும் கரையும் ஒரே போரில் இருந்தன. ஐரோப்பாவிலோ ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே ஜனவரி 20ஆம் தேதியே பூர்வாங்கச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். இடையில் செத்தவர்கள், முடிந்துபோன ஒரு போருக்காகச் செத்தார்கள்.

இன்று கோட்டையில் மிஞ்சியவை கொஞ்சம் கட்டடங்களும் இடிபாடுகளும்தான். கடல் மட்டும் பழைய கடலாகவே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தேவனாம்பட்டினத்தைக் கொடூரமாகத் தாக்கியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணைக் கரை ஊர்கள் கடலூர்வரை மூழ்கின.

மாறியது மணலின் கணக்கு. 1950களில் எழுந்த கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகின்றன. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணை தண்ணீரைத் திறந்துவிடும், மணலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மிச்சத்தை லாரிகள் அள்ளுகின்றன. கடலோரத்திலும் மணலின் வழி மறிக்கப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் வந்த பிறகு புதுச்சேரி நகரத்தின் கடற்கரையும் அப்படியே தேய்ந்தது. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் எந்தக் கரையும் தாங்காது.

ஆகவே மார்க்கண்டேய நதியிலோ தென்பெண்ணையிலோ மணல் குவாரிக்கும் தடுப்பணைக்கும் திட்டம் போடும்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் படகு ஏற்றி வைக்கும் மீனவர்களின் கரையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் ஆற்று மணலைப் பற்றிப் பேச்சு வந்தால், குந்தாரப்பள்ளிக்காரர்கள் இதை எழுந்து சொல்லுங்கள்.