விமான ஜன்னலுக்கு மூலை ஏன் இல்லை?



விமானப் பயணம் என்றால் நம்மில் பலர் முதலில் கேட்பது ஜன்னல் ஓர இருக்கையைத்தான். பிள்ளைகளுக்கு மேகம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குக் கீழே ஊர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால், அந்த ஜன்னலையே நாம் உற்றுப் பார்த்திருக்கிறோமா? வீட்டு ஜன்னலுக்கு நான்கு மூலைகள் உண்டு. விமான ஜன்னலுக்கு மூலையே கிடையாது. முட்டையைப் போல வளைந்திருக்கும்.

அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு விமானத்தின் கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஒரு குழு, இரண்டு கனவுகள்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. போர் முடிந்த பிறகு நாட்டுக்கு எப்படிப்பட்ட பயணிகள் விமானங்கள் தேவைப்படும் என்று ஆராய்வது அதன் வேலை. பிரபாசோன் பிரபு அதன் தலைவர்.

அந்தக் குழுவின் பரிந்துரையில் பிறந்த விமானங்களுள் ஒன்றுக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிய 'பிரபாசோன்' 1949 செப்டம்பர் 4ஆம் தேதி முதன்முறையாகப் பறந்தது. ஓர் இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை 70 மீட்டர். எட்டு இயந்திரங்கள். பிற்காலத்தில் வந்த ஜம்போ ஜெட்டின் இறக்கைகூட அதைவிடச் சிறியதுதான். அதன் ஓடுபாதையை நீட்டுவதற்காக ஒரு சிற்றூரையே அப்புறப்படுத்தினார்கள்.

இவ்வளவு பெரிய விமானத்தில் எத்தனை பேர் பயணம் செய்யலாம்? சுமார் நூறு பேர்தான்! கப்பலில் முதல் வகுப்பில் போகிறவர்களுக்குக் கிடைக்கும் வசதியெல்லாம் வானத்திலும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். உறங்கப் படுக்கை, உட்கார்ந்து பேச இடம், படம் பார்க்க அரங்கு. ஆனால், மக்கள் கேட்டது விரைவையும் குறைந்த கட்டணத்தையும். ஒரு நிறுவனம்கூட அதை வாங்க முன்வரவில்லை. பறந்தது ஒன்றே ஒன்று. 1953இல் அதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

அதே காலத்தில் 'பிரின்சஸ்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமானமும் வந்தது. இது நீரில் இறங்கும் விமானம். பத்து இயந்திரங்கள். 1952இல் பறந்தது. ஆனால், போர்க்காலத்திலேயே உலகெங்கும் நீண்ட ஓடுபாதைகள் போடப்பட்டுவிட்டன. தண்ணீரில் இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இதற்கும் வாங்குவார் இல்லை.

இந்த இரண்டும் கடந்த காலத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை எனலாம். அதே பிரபாசோன் குழுவின் பரிந்துரையில் பிறந்த மற்றொரு விமானமோ வருங்காலத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதன் பெயர் 'காமெட்'. வால்நட்சத்திரம் என்று பொருள்.

முதல் ஜெட் பயணம்

டி ஹேவிலண்ட் நிறுவனத்தின் காமெட் 1949 ஜூலை 27ஆம் தேதி முதன்முறையாக வானில் எழும்பியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அதுதான். அன்றைய விமானங்களில் இறக்கைக்கு முன்னால் பெரிய விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கும். காமெட்டில் விசிறியே கிடையாது. நான்கு ஜெட் இயந்திரங்களும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ளே புதைந்திருந்தன. பார்த்தவர்கள் இது வேறு உலகத்து விமானமோ என்று வியந்தார்கள்.

1952 மே 2ஆம் தேதி, பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கிற்கு முதல் ஜெட் பயணச் சேவையைத் தொடங்கியது. அன்று 36 பேரை ஏற்றிச் சென்ற விமானத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எழுத்துகளின் கடைசி இரண்டை வைத்து அதை 'யோக் பீட்டர்' என்று அழைத்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் காமெட் கொழும்புக்கு வந்தது. அக்டோபரில் சிங்கப்பூருக்கு வந்தது. அந்நாளில் லண்டனுக்குக் கப்பலேறினால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பிய குடும்பம் அவன் போய்ச் சேர்ந்த கடிதத்துக்காகக் காத்துக்கிடக்கும். அப்படிப்பட்ட காலத்தில், பாங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று இறங்கி ஏறினாலும் ஓரிரு நாளில் போய்ச் சேரலாம் என்றால் அது எப்படிப்பட்ட மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூச்சுவிடும் உடல்

ஜெட் இயந்திரம் மிக உயரத்தில் பறக்கும்போதுதான் சிக்கனமாக வேலை செய்யும். காமெட் 12,000 மீட்டர் உயரம் வரை போனது. அங்கே மனிதர் சுவாசிக்கப் போதுமான காற்று இல்லை. ஆகவே, பயணிகள் அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும்.

விமானம் ஏற ஏற, வெளியே காற்று மெலியும். உள்ளே இருக்கும் காற்று சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். காமெட்டில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரின் மீதும் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட விசை அழுத்தியது. அந்தச் சுவரின் உலோகத் தகடோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பு. விமானம் இறங்கியதும் அழுத்தம் தணிந்துவிடும். மறுபடி ஏறினால் மறுபடி உப்பும். ஒவ்வொரு பயணத்திலும் அந்த உடல் ஒருமுறை மூச்சிழுத்து ஒருமுறை மூச்சு விட்டது.

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. திரும்பத் திரும்ப வளைத்தால், கையில் வலுவில்லாத குழந்தைகூட அதை உடைத்துவிடும். இதைத்தான் 'உலோகச் சோர்வு' என்கிறார்கள். பொறியாளர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. அதற்கான சோதனையையும் செய்திருந்தார்கள். பிறகு எங்கே தவறு நடந்தது? அதற்கு வருகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட விமானங்கள்

1953 மே 2ஆம் தேதி. முதல் பயணம் நடந்து சரியாக ஓராண்டு. சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காமெட், கல்கத்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இடிமழைக்குள் சிக்கி நொறுங்கியது. 43 பேர் மாண்டனர். புயற்காற்றின் வேகத்தில் விமானம் உடைந்திருக்கும் என்று விசாரணை முடிவு செய்தது.

1954 ஜனவரி 10ஆம் தேதி. அதே வழியில், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போகும் காமெட் ரோமில் இறங்கிவிட்டு மீண்டும் எழும்பியது.  சுமார் இருபது நிமிடங்களில் விமானி மற்றொரு விமானத்தோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றுபோனது. எல்பா தீவுக்கு அருகே கடலில் விமானம் விழுந்தது. தீவின் மீனவர்கள் படகெடுத்துச் சென்று உடல்களை மீட்டார்கள். விமானத்தில் இருந்த 35 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிறு பிள்ளைகளும் அதில் இருந்தனர். போர்க்காலத்தில் பிபிசி வானொலியில் செய்தி வழங்கிய செஸ்டர் வில்மட்டும் இருந்தார்.

அந்த விமானம் எது தெரியுமா? 1952இல் உலகின் முதல் ஜெட் பயணத்தை நடத்திய அதே யோக் பீட்டர்.

காமெட் விமானங்கள் உடனே தரையில் நிறுத்தப்பட்டன. தீப்பிடித்திருக்கலாம், இயந்திரம் உடைந்திருக்கலாம் என்று எண்ணி ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைச் செய்தார்கள். உண்மைக் காரணம் தெரியாமலேயே மார்ச் 23ஆம் தேதி மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறு நாள்தான் சென்றது. ஏப்ரல் 8ஆம் தேதி ரோமிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து 21 பேர் மாண்டனர். அதன் பிறகு காமெட்டின் பறக்கும் அனுமதியே பறிக்கப்பட்டது.

தண்ணீர்த் தொட்டியில் விமானம்

உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் தலைவர் சர் ஆர்னல்ட் ஹாலிடம் வந்தது.

எல்பாவுக்கு அருகே நூறு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடந்த பாகங்களைக் கடற்படை தேடியது. இதற்குக் கைகொடுத்தது எது தெரியுமா? தொலைக்காட்சி! கடலடியில் இறக்கிய கேமரா அனுப்பிய படத்தைக் கப்பலில் இருந்தபடி பார்த்துத் தேடினார்கள். தொலைக்காட்சியில் பணிபுரியும் எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. நம் கருவி பொழுதுபோக்குக்கு மட்டும் பிறந்ததல்ல.

ஃபார்ன்பரோவில் இன்னொரு வேலை நடந்தது. ஏற்கெனவே சேவையில் இருந்த ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளும் புறமும் தண்ணீர் நிரப்பினார்கள். காற்றை வைத்துச் சோதித்தால், உடல் கிழியும்போது வெடித்துச் சிதறி எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போய்விடும். தண்ணீர் அப்படி விரிந்து வெடிக்காது. முதல் கிழிசலிலேயே அழுத்தம் நின்றுவிடும். அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக இரவு பகல் பாராமல் நடத்தினார்கள். இறக்கைகளையும் பறக்கும்போது அசைவதுபோல் அசைத்தார்கள்.

1954 ஜூன் 24ஆம் தேதி அந்த உடல் கிழிந்தது. பறந்ததையும் தொட்டியில் பட்டதையும் சேர்த்தால் மொத்தம் 3,057 முறை. திறப்பு ஒன்றின் மூலையில் விரிசல் தொடங்கியிருந்தது. யோக் பீட்டர் 1,290 முறையும், நேப்பிள்ஸ் அருகே விழுந்த விமானம் 900 முறையும் பறந்திருந்தன.

மூலையில் ஏன்? தைப்பூசக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நேரான சாலையில் கூட்டம் சீராக நகரும். தெரு முனையில் திரும்பும்போதுதான் நெரிசல். தகட்டில் ஓடும் விசையும் அப்படித்தான். திறப்பின் மூலையைச் சுற்றிப் போகும்போது அங்கே நெருக்கியடிக்கும். துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டுவிட்டுக் கையால் சர்ரென்று கிழிப்பாரே, அதுபோல மூலையில் விழுந்த சிறு விரிசல் ஒரு நொடியில் உடல் முழுவதும் ஓடிவிட்டது.

இங்கே ஒரு திருத்தம். காமெட்டின் ஜன்னல் சதுரமாக இருந்ததால்தான் விழுந்தது என்று பலர் சொல்வதுண்டு. அதன் ஜன்னல் மூலைகள் ஓரளவு வளைந்தே இருந்தன. கடலில் கிடைத்த யோக் பீட்டரின் பாகத்தில், கூரையில் வானொலிக் கருவிக்காக வெட்டியிருந்த திறப்பின் ஓரத்தில்தான் கிழிசல் தொடங்கியதாகக் கண்டார்கள். மூலையின் வடிவம், மெல்லிய தகடு, ஆணி அடித்த முறை என்று எல்லாம் சேர்ந்தே அந்த விபத்தை உண்டாக்கின.

சோதனை ஏன் ஏமாற்றியது?

முன்பு ஒரு கேள்வியை விட்டுவைத்தேன். உலோகச் சோர்வுக்குச் சோதனை செய்தார்களே, அது ஏன் எச்சரிக்கவில்லை?

டி ஹேவிலண்ட் நிறுவனத்தின் சோதனையில் காமெட்டின் உடற்பகுதி 16,000 முறைக்கு மேல் தாங்கியது. ஆனால், அதே பகுதியைத்தான் முன்னதாக வேறொரு சோதனைக்காக வழக்கத்தைப்போல் இரு மடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அந்தப் பெரிய அழுத்தத்தில் மூலைகளில் இருந்த உலோகம் சற்றே இளகி விரிந்துகொடுத்து, சோர்வைத் தாங்கும் வலிமையைப் பெற்றுவிட்டது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அந்த வலிமை இல்லை. கேள்வியை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவன் தேர்வு எழுதியதுபோல் ஆயிற்று. மதிப்பெண் உண்மை, ஆனால் அது மற்ற மாணவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அக்கறையோடு செய்த சோதனையே அவர்களை ஏமாற்றியது. இந்தக் கதையில் என்னை மிகவும் கலங்கவைத்தது இதுதான்.

சொன்னதால் கிடைத்த பாதுகாப்பு

1954 அக்டோபரில் லண்டனில் பொது விசாரணை தொடங்கியது. கண்டுபிடித்தவை அனைத்தும் வெளிப்படையாக வைக்கப்பட்டன. அமெரிக்கப் போட்டி நிறுவனங்களும் அவற்றைப் படித்துப் பயன்பெற்றன. மூடி மறைத்திருந்தால் அடுத்த விபத்து வேறொரு விமானத்துக்கு நேர்ந்திருக்கும்.

தடித்த தகடும் வளைந்த ஜன்னலும் கொண்ட காமெட் 4, 1958 அக்டோபர் 4ஆம் தேதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதல் ஜெட் பயணச் சேவையை நடத்தியது. அதே மாதம் 26ஆம் தேதி பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 வந்துவிட்டது. அது பெரிது, விரைவும் கூட. வணிகத்தில் காமெட் தோற்றது. இருந்தாலும் 1960களில் மலாயன் ஏர்வேஸ், பிறகு மலேசியன் ஏர்வேஸ் என்ற பெயரில் நம் வட்டாரத்திலும் காமெட் 4 பறந்தது. பயணிகளைச் சுமந்த கடைசி காமெட் 1980இல் ஓய்வு பெற்றது.

பிரபாசோனும் பிரின்சஸும் யாரையும் கொல்லவில்லை. அவை பணத்தை விழுங்கின, மறைந்தன. காமெட் உயிர்களை விழுங்கியது. ஆனால், இன்று புதிதாக ஒரு விமானம் உருவானால், அதன் முழு உடலையும் பல்லாயிரம் முறை அழுத்திச் சோர்வடைய வைத்துச் சோதிக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கம் வலுப்பெற்றது அந்தத் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான்.

தவறே நேராததால் நம் பயணம் பாதுகாப்பாக ஆகவில்லை. நேர்ந்த தவறைக் கடலடி வரை தேடிச் சென்று, தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று ஊரறியச் சொன்னதால் ஆயிற்று.

அடுத்த முறை பிள்ளையை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைக்கும்போது, அந்த வளைவைக் காட்டிச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வீடு போய்ச் சேராத பயணிகள் நமக்கு விட்டுச்சென்றது அது.