ஓடும் வீட்டில் விளக்கு அணைந்தால்...

அமெரிக்காவில் பலர் மோட்டார் வீட்டிலேயே ஊர் சுற்றுகிறார்கள். படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வண்டிக்குள்ளேயே! பொதுவாக என்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி. விளக்குக்கு வேறு பேட்டரி.

விளக்கு மங்குகிறதா? உடனே புதுப் பேட்டரி வாங்கவேண்டாம்! கம்பி முனைகளைப் பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாக ஓடாது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, நெகடிவ் கம்பியை முதலில் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும்.

பிறகு முழுதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டவேண்டும். மிகவும் குறைந்தால் பேட்டரி கெட்டிருக்கலாம்.

எச்சரிக்கை! சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அருகே தீக்குச்சி கிழித்தால் பேட்டரி வெடிக்கலாம். அமிலம் தெறித்துக் கண்ணே போய்விடலாம். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே எச்சரிக்கைதான்!